தாம்பரத்தில் பறக்காத நாட்: 1/72 கிட்டில் ஒரு கற்பனைப் பயிற்சி விமானம்

நாட் போர் விமானத்தை இந்தியாவில் பலருக்கும் தெரியும். 1965-இல் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதியது அதுதான். 1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகருக்கு மேலே விமானி நிர்மல்ஜித் சிங் சேகோன் பறந்ததும் அதில்தான். ஆனால் இருவர் அமரும் நாட் டி.1 நம் விமானப்படைக்கு வரவே இல்லை. பிரிட்டனில் 105 தயாராயின. பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை அதைத்தான் ஓட்டியது. இங்கே எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நாட்டை மேம்படுத்திச் செய்த அஜீத்தின் பயிற்சி விமானம் முதலில் பறந்தபோது 1982 ஆகிவிட்டது. அதுவரை நம் விமானிகள் வேறு ரக இரட்டை இருக்கை விமானங்களில் பழகிவிட்டு, நாட் விமானத்துக்குள் முதல்முறை ஏறும்போதே தனியாகத்தான் ஏறினார்கள்.

இந்த ஓட்டையைக் கற்பனையில் அடைப்பதுதான், நிஜத்தின் 72-இல் ஒரு பங்கு அளவில் (1/72) நாம் ஒட்டப்போகும் பிளாஸ்டிக் மாடலின் கதை.

முதலில் கதை, பிறகு பசை

கற்பனை மாடலில் வரலாற்றின் ஒரே ஒரு ஆணியை மட்டும் பிடுங்குங்கள். மற்றதெல்லாம் நிஜத்தில் நடந்தபடியே இருக்கட்டும். இரண்டு மூன்றை மாற்றினால் பொம்மை ஆகிவிடும்.

நாம் மாற்றுவது இது: 1962 சீனப் போருக்குப் பின் படையை விரிவாக்கும்போது, 1963-இல் இந்தியா 12 டி.1 விமானங்கள் வாங்குகிறது. ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள்தானே முதலில் பழக வேண்டும்? எனவே அவை பயிற்றுநர் பள்ளி இருக்கும் தாம்பரத்துக்கு வருகின்றன. மிச்ச முடிவுகள் தாமாக வரும். காலம் அறுபதுகள், ஆகவே நிறம் வெள்ளி. பயிற்சி விமானம், ஆகவே பிரிட்டிஷ் வழக்கப்படி மஞ்சள் பட்டை.

வாங்க வேண்டியவை

ஏர்ஃபிக்ஸின் 1/72 நாட் டி.1 கிட். நீளம் சுமார் 13.4 செ.மீ., இறக்கை அகலம் 10.2 செ.மீ. பெயின்ட்டும் பசையும் சேர்ந்த பெட்டியாக வாங்கினால் அதில் வரும் ரெட் ஆரோஸ் சிவப்பு நமக்கு உதவாது. தனியாக வேண்டியவை: மெல்லிய திரவப் பசை, நிப்பர் (சிறு வெட்டும் இடுக்கி), புட்டி, 400, 800, 1200 எண் உப்புத்தாள், சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே, வெள்ளை, மஞ்சள், வெள்ளி, கருஞ்சாம்பல், கரும்பழுப்பு பெயின்ட், 6 மி.மீ. மாஸ்கிங் டேப், வெள்ளைப் பின்னணியிலும் ஒளி ஊடுருவுவதிலும் டிகால் தாள் (சின்னங்களை அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்), பளபளப்பு கிளியர் ஸ்ப்ரே.

ஒட்டுதல்

ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருந்து பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். காக்பிட்டைக் கருஞ்சாம்பலில் முடித்து உடலுக்குள் வையுங்கள்.

உடலின் இரு பாதிகளை மூடுமுன் ஒரு சோதனை. எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின்சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்குங்கள். வால் பக்கம் சாய்ந்தால், மூக்கு தாழும்வரை உள்ளே ஈயக் குண்டு வைத்து ஒட்டுங்கள். தூண்டிலுக்குக் கட்டும் குண்டு போதும். மூடிய பிறகு தெரிந்தால் மாடல் ஆயுள் முழுக்க வாலில் உட்கார்ந்திருக்கும்.

பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையின் நுனியால் இணைப்பைத் தொடுங்கள். பசை தானே ஓடிப் பரவும். மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு நூல்போலப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு 400, 800, 1200 என்று வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால், பல இடங்களில் புட்டியே தேவைப்படாது.

நிறம்: இங்கேதான் பெரும்பாலும் கெடும்

பச்சை, பழுப்பு எல்லாம் தவறை மறைக்கும். வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பிரைமர் அடித்ததும் விளக்கை ஓரத்தில் இருந்து சாய்த்துப் பாருங்கள். கீறலோ இணைப்புக் கோடோ தெரிந்தால் மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். மூன்று சுற்று ஆனாலும் சலிக்காதீர்கள்.

அடுத்து, வெள்ளி அடித்துவிட்டு அதன்மேல் மஞ்சள் அடிப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. வெள்ளியின்மேல் அழுக்குப் பச்சையாகத் தெரியும். தலைகீழாகச் செய்யுங்கள். பட்டை வரும் இடங்களில், அதாவது இரு இறக்கைகளின் நடுவிலும் வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றியும், முதலில் வெள்ளை, அதன்மேல் இரண்டு மெல்லிய கோட் மஞ்சள். ஒரு நாள் கழித்து 6 மி.மீ. டேப்பை அப்படியே சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் அகலமே பட்டையின் அகலம். நிஜ அளவில் சுமார் 43 செ.மீ. டேப்பின் ஓரங்களில் மஞ்சளையே இன்னொரு முறை லேசாக அடித்தால் கசிவது மஞ்சள்மேல் மஞ்சளாகப் போய்விடும். அப்புறம் வெள்ளி.

கண்ணாடிபோல மின்னும் குரோம் வேண்டாம். நம் கதையில் இது உலோகப் பளபளப்பு அல்ல, அலுமினியப் பெயின்ட் பூசிய விமானம். தமியாவின் எக்ஸ்எஃப்-16 போன்ற மட்டான அலுமினியம் போதும்.

சின்னங்கள்

வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. வால் பட்டையில் இரு பக்கமும் காவி முன்னோக்கி இருக்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு பக்கம் தலைகீழாகும், கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று அச்சிடுங்கள்.

அளவுக்குக் கணக்கு எளிது: நிஜ அளவை 72-ஆல் வகுங்கள். உடலில் 18 அங்குலம் என்று வைத்தால் 6.35 மி.மீ., இறக்கையில் 30 அங்குலம் என்றால் 10.6 மி.மீ. இங்க்ஜெட் வெள்ளை அச்சிடாது. அதனால் ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டால் வெள்ளை வளையத்தில் வெள்ளிதான் தெரியும், காவியும் மங்கும். வெள்ளைப் பின்னணித் தாள் கேட்பது இதற்குத்தான். அச்சிட்டதும் கிளியர் ஸ்ப்ரேயை மூன்று முறை மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் மை கரைந்து ஓடும். விளிம்பிலேயே வெட்டுங்கள். கறுப்பு எண்களுக்கு ஊடுருவும் தாளே நல்லது.

அன்றைய நாட் விமானங்களில் ஐ, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் பிறகு எண்ணும் இருந்தன. போட்டோவில் பார்த்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். உதாரணமாக 1083 என்று போட்டால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்: அது 1965 செப்டம்பரில் பஸ்ரூரில் இறங்கிப் பாகிஸ்தானிடம் சிக்கிய விமானம், இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ரெட் ஆரோஸ் டிகால்களை ஒதுக்குங்கள். கிட்டில் வரும் பொடிப்பொடி எச்சரிக்கை எழுத்துகளை மட்டும் தூக்கி எறியாதீர்கள். பிரிட்டனில் தயாராகி வந்த விமானத்தில் அவை அப்படியேதான் இருந்திருக்கும்.

முடிப்பு

டிகாலுக்கு முன் ஒரு கோட் பளபளப்பு கிளியர், பின் ஒரு கோட். மழை நாளில் கிளியர் அடித்தால் ஈரத்தால் வெண்படலம் படரும். வெயில் வரக் காத்திருங்கள். கரும்பழுப்பை நீர்த்துப் பேனல் கோடுகளில் (உடலின் தகடுகள் சேரும் கோடுகள்) விட்டுத் துடையுங்கள். பயிற்சிப் பள்ளியில் தினம் துடைக்கும் விமானம், ஆகவே புகைக்கறை வால் குழாயின் ஓரத்தில் மட்டும் போதும். சக்கரங்களையும் கண்ணாடி மூடியையும் கடைசியாக ஒட்டுங்கள். மூடிக்குச் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி உள்ளே வெள்ளைப் புகையாகப் படியும். வெள்ளை ஃபெவிகால் ஒரு சொட்டு போதும், காய்ந்ததும் தெரியாது.