பின் ஷாக் அடிவரை இடித்தது: காற்றைக் கூட்டாமல் சரிசெய்த விதம்

சிறு இறக்கத்தில் குதித்தாலே என் மவுண்டன் பைக்கின் ஏர் ஷாக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பின்பக்க அதிர்வுதாங்கி) முழுதும் அமுங்கி 'டங்'கென்று இடித்தது. காற்றைக் கூட்டினேன். இடி நின்றது, ஆனால் சேக் (ஏறி அமர்ந்ததும் அமுங்கும் அளவு) 18%க்கு இறங்கி, கூழாங்கல்கூட முதுகில் தெரிந்தது. குறை அழுத்தத்தில் இல்லை. அமுக்கத்தின் கடைசிப் பகுதியில் எதிர்ப்பு போதவில்லை.

காற்றைக் குறைத்து மறுபடி அளந்தேன். ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம்) 55 மி.மீ., சேக் 30% என்றால் 16.5 மி.மீ. கம்ப்ரஷன் லீவரை (ஷாக் அமுங்குவதை இறுக்கும் நெம்புகோல்) திறந்து, ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு ஏறி, ஷாக் தண்டிலுள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) சீலோடு ஒட்டித் தள்ளி, குலுங்காமல் இறங்க வேண்டும். வளையம் நகர்ந்த தூரமே சேக். ஒவ்வொரு முறை காற்றை மாற்றியதும் ஷாக்கைப் பத்துத் தடவை அமுக்குங்கள். நெகட்டிவ் அறை (முக்கிய அறைக்கு எதிர்த்திசையில் தள்ளும் சிறு காற்றறை) நிரம்பாவிட்டால் அளவு பொய் சொல்லும். பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' பெரும்பாலும் குழாயிலிருந்த காற்றுதான். அதற்காகக் கூடுதலாக அடிக்க வேண்டாம்.

பிறகு காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு (இதைத் தவறவிட்டால் ஆபத்து) ஏர் கேனை (ஷாக்கின் காற்று உருளை) திறந்து ஒரு வால்யூம் ஸ்பேசர் சேர்த்தேன். இது காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு; அதனால் அமுக்கத்தின் கடைசியில் எதிர்ப்பு கூடும். சேக் ஏறக்குறைய அப்படியே இருந்தது, இடி போயிற்று.

ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகம்) கடைசியில்: பின்சக்கரம் உதைத்தெழுந்தால் மெதுவாக்குங்கள், தொடர் மேடுகளில் அமுங்கியே கிடந்தால் வேகமாக்குங்கள்.