டகோட்டாவின் ரேடியல் எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்பவர்களுக்கு

சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சினில் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியைத் தவறவிட்டால் எஞ்சின் கிளம்பும் நொடியிலேயே உடையலாம். இங்கே டக்ளஸ் டிசி-3, அதன் ராணுவ வடிவமான சி-47 டகோட்டா ஆகியவற்றில் உள்ள பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பி-24 குண்டுவீச்சு விமானம், கேட்டலினா பறக்கும் படகு, வைல்ட்கேட் போர்விமானம் எல்லாவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த ஏர் சிலோனின் முதல் சேவையும் இந்த எஞ்சின்களின் பலத்தில்தான் நடந்தது.

எஞ்சினின் அமைப்பு

மொத்தம் 14 சிலிண்டர்கள். பின்வரிசையில் ஏழு, முன்வரிசையில் ஏழு. விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 5.5 அங்குலம், மொத்தக் கொள்ளளவு சுமார் 30 லிட்டர். 92 என்ற பின்னெண் கொண்ட வகை 2700 ஆர்.பி.எம்.மில் 1200 குதிரைத்திறன் தரும். பின்னாலிருந்து பார்த்து, வலஞ்சுழியாக எண்ணுவார்கள். பின்வரிசை ஒற்றைப்படை, முன்வரிசை இரட்டைப்படை. உச்சியில் இருப்பது 1. நேர் கீழே தலைகீழாகத் தொங்குவது 8, அதன் இருபுறமும் 7, 9. இந்த மூன்று எண்களை மனதில் வையுங்கள். தொல்லை அங்கேதான் தொடங்கும்.

படி 1: ஆயில் குச்சியைப் பாருங்கள்

நேற்று நிறுத்தியபோது டேங்கில் இருந்த அளவையும் இன்று காலை உள்ள அளவையும் ஒப்பிடுங்கள். ஆயில் குளிர்ந்து சற்றே சுருங்குவது இயல்பு. அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்து, கீழே தரையிலும் சிந்தியிருக்காவிட்டால், அந்த ஆயில் டேங்கிலிருந்து எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழ்ச் சிலிண்டர்களின் எரியறைக்குள் கசியும். வால்வு திறந்திருந்தால் இன்டேக் குழாய்க்குள்ளும் போய்த் தேங்கும்.

காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் மேலேறும்போது எரியறையின் இடத்தைவிட ஆயில் அதிகமாக இருந்தால், பிஸ்டன் சுவரில் மோதியதுபோல நிற்கும். ஸ்டார்ட்டரின் விசை, பிஸ்டனை நடுத்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கொடுமை என்னவென்றால், லேசாக வளைந்த ராடோடும் எஞ்சின் ஓடும். சில மணி நேரம் பறந்த பிறகு உடையும். இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறார்கள்.

படி 2: கையால் சுற்றுங்கள்

முதலில் மேக்னட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) சுவிட்ச் ‘ஆஃப்’, மிக்ஸ்சர் லீவர் பெட்ரோலை நிறுத்தும் ‘ஐடில் கட்-ஆஃப்’, சக்கரங்களுக்குக் கட்டை. ஆஃப் என்றால் மேக்னட்டோவை எர்த் செய்வது என்றுதான் பொருள். எர்த் வயர் அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தும் பிளக் தீப்பொறி விடும். அதனால் புரொப்பெல்லர் எந்த நேரமும் சுழலலாம் என்றே நினைத்து நில்லுங்கள்: கையை வைத்துத் தள்ளுங்கள், விரல்களை மடக்கிப் பிடிக்காதீர்கள், தள்ளியதும் வெளியே விலகுங்கள்.

முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாக, அதாவது எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். எத்தனை பிளேடு? இந்த எஞ்சினில் கிராங்க் (நடுத்தண்டு) 16 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 9 சுற்றுதான் சுற்றும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷனைக் கடக்க கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மூன்று பிளேடு புரொப்பெல்லரில் அது மூன்றரைப் பிளேடுக்குச் சற்றுக் குறைவு. நான்கு என்பது வெறும் குறைந்தபட்சம். ஒன்பது பிளேடு எண்ணினால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு முறையாவது கடந்திருக்கும். ஒன்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பிளேடுக்கு இரண்டு பேர் போதும். ஆள் கூடினால் நெம்புகோல் விசையும் கூடும். கையாலேயே ராடை வளைத்துவிடலாம். சாதாரணக் கம்ப்ரஷன் மெத்தென்று எதிர்த்து மெல்ல விட்டுக்கொடுக்கும். ஹைட்ராலிக் லாக் அப்படியில்லை, கல்லில் முட்டியதுபோல நிற்கும். அப்படி நின்றால் தள்ளுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பெருந்தவறு செய்கிறார்கள். தடை வந்ததும் புரொப்பெல்லரைப் பின்பக்கமாகச் சுற்றி ‘விடுவிக்கிறார்கள்’. பின்னால் சுற்றினால் ஆயில் இன்டேக் வால்வு வழியாக இன்டேக் குழாய்க்குப் போகும். கைக்குத் தடை நீங்கிவிடும். ஆனால் எஞ்சின் கிளம்பியதும் அதே ஆயில் உறிஞ்சப்பட்டுச் சிலிண்டருக்குள் திரும்பும். அப்போது எஞ்சினின் முழு விசையும் அதன்மேல் இறங்கும். சரியான வழி ஒன்றே: 7, 8, 9 முதலான கீழ்ச் சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடியவிடுங்கள். அந்தச் சிலிண்டரின் இன்டேக் குழாயிலும் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, மறுபடி ஒன்பது பிளேடு.

படி 3: காக்பிட் வேலைகள்

விமானத்தின் மூக்கு காற்றை எதிர்த்து நிற்கட்டும். தரையில் எஞ்சின் குளிர அந்தக் காற்றும் உதவும். தீயணைப்பானோடு ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கவுல் ஃப்ளாப் (எஞ்சின் உறையில் காற்று வெளியேறும் மடல்கள்) முழுதும் திறப்பு, புரொப்பெல்லர் லீவர் முழுதும் முன்னால், கார்புரெட்டர் ஹீட் ‘கோல்ட்’, த்ராட்டில் அரை அங்குலத் திறப்பு. பூஸ்டர் பம்பை ஓடவிட்டு பெட்ரோல் அழுத்தம் 14 முதல் 16 பி.எஸ்.ஐ. வந்ததா பாருங்கள். மிக்ஸ்சர் இன்னும் கட்-ஆஃபிலேயே.

படி 4: ஸ்டார்ட்

ஸ்டார்ட்டரை அழுத்தி இரண்டு மூன்று பிளேடு கடந்ததும் மேக்னட்டோ சுவிட்சை, இரண்டு மேக்னட்டோவும் வேலை செய்யும் ‘போத்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டார்ட்டர் வேகத்தில் மேக்னட்டோவின் தீப்பொறி பலவீனமாக இருக்கும் என்பதால் பூஸ்டர் காயில் அல்லது வைப்ரேட்டர் உதவும்; அது வேலை செய்யவில்லையென்றால் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. ஸ்டார்ட்டுக்கான பெட்ரோலைத் தெளிக்கும் பிரைமரைச் சிறு சிறு தட்டுகளாகக் கொடுங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குச் சில விநாடிகள், சூடான எஞ்சினுக்குக் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அளவு மீறினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், சுவர் கீறும்.

எஞ்சின் பிரைமரில் பற்றி ஓடத் தொடங்கிய பிறகே மிக்ஸ்சரை ‘ஆட்டோ ரிச்’ நிலைக்குத் தள்ளுங்கள். முன்பே தள்ளினால் பெட்ரோல், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சூப்பர்சார்ஜரின் உறைக்குள் வழிந்து தேங்கும். த்ராட்டிலை முன்பின் ஆட்டினாலும் இதே கதிதான். அதன்மேல் ஒரு பேக்ஃபயர் (சிலிண்டரிலிருந்து பின்னோக்கி வெடிக்கும் சுடர்) விழுந்தால் தீ. தீப்பிடித்தால் ஸ்டார்ட்டரை விடாதீர்கள்: மிக்ஸ்சர் கட்-ஆஃப், த்ராட்டில் முழுதும் திறப்பு, தொடர்ந்து சுற்றுங்கள். எஞ்சின் தீயை உள்ளே இழுத்து எரித்துவிடும். அடங்காவிட்டால் மட்டும் தீயணைப்பான்.

முதலில் வரும் வெண்புகையைக் கண்டு பயப்பட வேண்டாம், கீழ்ச் சிலிண்டர்களில் மிஞ்சிய ஆயில் எரிகிறது. உங்கள் கண் ஆயில் பிரஷர் முள்ளின் மேலேயே இருக்கட்டும். 30 விநாடிக்குள் அது ஏறாவிட்டால் நிறுத்துங்கள்.

படி 5: சூடாக்கலும் சோதனையும்

சுமார் 1000 ஆர்.பி.எம்.மில் ஓடட்டும். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் விட்டால் பிளக்குகளில் கரியும் ஈயமும் படியும். ஆயில் 40 டிகிரி செல்சியஸ், சிலிண்டர் தலை 120 டிகிரி தொட்ட பிறகே வேகம் கூட்ட வேண்டும். உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம்.

1700 ஆர்.பி.எம்.மில் புரொப்பெல்லர் லீவரைப் பின்னுக்கு இழுத்து, வேகம் இறங்கியதும் திருப்பி விடுங்கள்; இரண்டு மூன்று முறை செய்தால் அதன் உருளைக்குள் இருக்கும் குளிர்ந்த ஆயில் மாறும். பிறகு த்ராட்டிலை உயர்த்தி மேக்னட்டோ சோதனை: ஒவ்வொன்றாக மாற்றும்போது 100 ஆர்.பி.எம்.முக்கு மேல் விழக்கூடாது, எஞ்சின் உதறவும் கூடாது. வலது மேக்னட்டோ முன்பிளக்குகளுக்கு, இடது மேக்னட்டோ பின்பிளக்குகளுக்கு. இடதில் மட்டும் உதறினால் 14 பின்பிளக்குகளில் தேடினால் போதும். எதில் என்று அறிய, அந்த மேக்னட்டோவில் மட்டும் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, சிலிண்டர்களின் சூட்டை ஒப்பிடுங்கள். குளிர்ந்திருப்பதே குற்றவாளி.

படி 6: நிறுத்தும்போது

சிலிண்டர் தலைச் சூடு இறங்கும்வரை காத்திருங்கள். கடைசி அரை நிமிடம் 1000க்கும் 1200க்கும் இடையில் ஓடவிட்டால் ஸ்கேவெஞ்ச் பம்ப் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும். பிறகு மிக்ஸ்சர் கட்-ஆஃப். புரொப்பெல்லர் நின்ற பின் மேக்னட்டோ ஆஃப். கவுல் ஃப்ளாப்பை உடனே மூடாதீர்கள். எஞ்சினுக்கு அடியில் தட்டு வையுங்கள், குச்சியில் ஆயில் அளவைப் பார்த்துத் தேதியோடு எழுதிவையுங்கள். நாளைக் காலை முதல் படிக்கு அந்த எண் வேண்டும்.