ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் செய்யும் தவறுகள்

அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, யாருடைய சிபாரிசும் வேண்டாம். அவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலர் அதை அலட்சியமாகச் செய்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதோ, கல்லூரியில் சேரப் போகும்போதோதான், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி இடம். கிருஷ்ணகிரி 71.46. அன்றைக்குப் படிக்காமல் விடப்பட்டவர்களில் பலர் இன்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வரும் தாத்தா பாட்டிகள். சில வீடுகளில் அப்பா, அம்மாவும்தான். விண்ணப்பத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் நிரப்புகிறான், இவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சம். கூச்சப்பட வேண்டாம். நிரப்பியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிறந்த தேதி

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று பிள்ளைக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பிறந்த பிள்ளை என்றால் அடுத்த ஆண்டுதான். இங்கேதான் பேரம் தொடங்குகிறது. "ஒரு மாசந்தான் சார் குறையுது, ஜூலைன்னு போட்டுக்குங்க. வீட்டுல இருந்தா ஏரிக்கரைக்கு ஓடிப்போயிடறான்." கேட்பவரின் கஷ்டம் உண்மைதான். ஆனால் தேதியை மாற்றிப் போட்டால் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் எது முதலில் கொடுத்தார்களோ அது என்று மூன்று பிறந்த நாள் ஆகிவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய தேதியை மாற்றுவது பெரும்பாடு. ஒரு வருடம் அங்கன்வாடியில் இருக்கட்டும். நாலே முக்கால் வயதில் பென்சில் பிடிக்கத் திணறும் பிள்ளை, ஐந்தே முக்கால் வயதில் திணறாது.

முன்பெல்லாம் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். பெரும்பாலும் மே, ஜூன் மாதத்தில் விழும். நம் ஊர்ப்பக்கம் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு ஜூன் மாதப் பிறந்த நாள் என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும். இனி அது நடக்காது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்தத் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

அந்தச் சான்றிதழில் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வரும். ஒன்று, பெயர் இருக்காது. மருத்துவமனையில் பிறந்தவுடன் ஆண், பெண் என்று மட்டும் பதிந்திருப்பார்கள். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கப் பணம் கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரை சேர்க்கலாம். பள்ளிச் சேர்க்கைக்கு முந்தின வாரம் ஓடுவதைவிட மொட்டை அடித்துக் காது குத்திய கையோடு முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது, பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் ஆனேக்கல், பெங்களூருவில் பிறந்த பிள்ளைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய. அவர்களுடைய சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். திருத்தம் என்றாலும் அங்கேதான் போக வேண்டும், கிருஷ்ணகிரியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெயரும் இனிஷியலும்

கர்நாடகச் சான்றிதழில் அப்பா பெயர் பின்னால் வரும், நம் பக்கம் இனிஷியல் முன்னால். ஆதாரில் வேறு மாதிரி. 'சரண்யா' ஓரிடத்தில் 'ஷரண்யா' ஆகியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்து எதுவோ அதையே பள்ளியிலும், ஆதாரிலும், வங்கிக் கணக்கிலும் வையுங்கள். நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்தைக் கூட்ட வேண்டும் என்றால் சேர்க்கைக்கு முன்னாலேயே எல்லாவற்றிலும் கூட்டிவிடுங்கள். ஊக்கத்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் பொருந்தாமல் பணம் திரும்பிப் போன பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. பிள்ளைக்கு 5 வயது ஆனதும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது.

அதே சமயம், காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது இன்னும் பெரிய தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுச் சான்று இல்லை, டி.சி. தாமதம் என்றெல்லாம் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆதார் இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், காகிதம் பின்னால் வரும்.

சாதி விவரத்தில் மலைக் கிராமத்துப் பெற்றோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அரூர் பக்கம் சித்தேரி, சிட்லிங்கி மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்று போட்டுக்கொள்வது வழக்கம். அதையே சாதிக் கட்டத்தில் எழுதிவிட்டால், பழங்குடியினர் சான்றிதழ் வாங்கக் கோட்டாட்சியரிடம் போகும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பெற்றோரிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

இதை ஐந்து வயதில் முடிவு செய்கிறோம், விளைவு இருபத்தைந்து வயதில் தெரிகிறது. தமிழ்நாடு அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டப் படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். இது தெரியாமல், "இங்கிலீஷ் மீடியமும் இலவசம்தானே" என்று டிக் அடித்துவிட்டு வந்தவர்கள் பலர். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான் உட்கார்ந்திருப்பார்கள். பாடப் புத்தகம் மட்டும் வேறு. இந்தச் சலுகைக்காகத் தமிழ் வழியில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு, அறிவியலைப் புரியாத மொழியில் மனப்பாடம் செய்வதால் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

ஐந்தாம் வகுப்பு வரை தனியார், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் விதி. கணக்குச் சரிதான். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஃபீஸ் கட்ட முடியாமல் பாதியில் இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைத்தான் பள்ளிகள் அதிகம் பார்க்கின்றன. தக்காளி விலை நன்றாக இருந்த வருடம் வேனில் ஏற்றிவிடுவார்கள், அடுத்த வருடம் பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்ததும் வேன் நின்றுவிடும். அந்தப் பிள்ளை இரண்டு பள்ளிகளிலும் ஒட்டாது.

"பத்துப் பிள்ளைதான் இருக்குது"

பிள்ளைகள் குறைவு என்பதற்காக ஒரு பள்ளியை ஒதுக்குவது, எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்யும் தவறான கணக்கு. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3. முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பேர்தான். எந்தத் தனியார் பள்ளியில் இது கிடைக்கும்? ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்ப்பது கஷ்டம்தான், ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன அன்று இன்னும் கஷ்டம். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, வகுப்பில் பாடம் நடக்கிறதா என்று பாருங்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போங்கள். ஆண்டு விழா அன்று போகாதீர்கள்.

இன்னொன்று. ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். ஜூலையில் நாலு பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டு, அடுத்த வருடம் "ஒரு டீச்சரைத் தூக்கிட்டாங்க" என்று ஊர்க்காரர்கள் வருத்தப்படுவதில் பயனில்லை.

நன்றாகப் படிக்கிறானா என்று எப்படிப் பார்ப்பது

ரேங்க் என்ன என்று கேட்பதுதான் வழக்கம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை, எனவே மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான் என்பதால் இரண்டாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று ஆகாது. மதிப்பெண்ணும் முழுசாகச் சொல்லிவிடாது. வீட்டிலேயே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள். நடத்திய பக்கம் வேண்டாம், அதைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும், கண் புத்தகத்தில்கூட இருக்காது. வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றும், 'கால்' என்பதைக் 'கல்' என்றும் படித்தால், பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் ஊகிக்கிறது என்று அர்த்தம். கணக்கில் முந்நூற்று ஐந்தை எழுதச் சொல்லுங்கள். 3005 என்று எழுதினால் இடமதிப்பு பிடிபடவில்லை. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லி, 35 என்று விடை வந்தால், ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை. அடித்தால் இது சரியாகாது. இதை அப்படியே போய் ஆசிரியரிடம் சொல்லுங்கள். "சரியாப் படிக்க மாட்டேங்கறான் டீச்சர், நல்லா நாலு போடுங்க" என்பதைவிட இது நூறு மடங்கு உதவும். அடிப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். அரும்பு என்று கேட்டதும் ஃபெயில் ஆனதுபோல முகம் வாடும் பெற்றோர் உண்டு. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவே. ஜூனில் அரும்பு என்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பிப்ரவரியிலும் அரும்பு என்றால் போய்க் கேட்க வேண்டும்.

தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, தமிழ் வழி வகுப்பில் முதல் சில மாதங்கள் வாயே திறக்காது. மந்தம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள், சில சமயம் வீட்டிலேயே. விளையாட்டு மைதானத்தில் அதே பிள்ளை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். தமிழ் பேசும் பிள்ளைகளோடு சாயந்தரம் விளையாட விடுங்கள், போதும். அந்தப் பகுதியில் தெலுங்கு, கன்னட வழி அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் 2006 சட்டப்படி அங்கேயும் தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், தமிழிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

லீவும் வெளியூரும்

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. ஆறு மணிக்கே ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அம்மாக்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பாட்டி கையில் விட்டுப் போகும் பிள்ளை மணி அடித்த பிறகு வந்தால் அந்தச் சாப்பாடும் போகும், முதல் பாடமும் போகும்.

ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம், அத்தை வீட்டுக் கிடா வெட்டுக்கு மூன்று நாள் என்று போகிற லீவு தனித்தனியாகப் பார்த்தால் சின்னது. 'ககர வரிசை' நடத்திய வாரம் வராத பிள்ளை அதை யாரிடம் கற்றுக்கொள்ளும்?

பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கும், குடகு காப்பித் தோட்டத்துக்கும், பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறு, சொல்லாமல் போவது. பெயர் இங்கே பதிவேட்டில் இருக்கும், பிள்ளை அங்கே எந்தப் பள்ளியிலும் இருக்காது. போவதற்கு முன் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால், இங்கே டி.சி. கொடுத்ததும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைத் தளத்தில் பிள்ளையின் விவரம் பொதுத் தொகுப்புக்குப் போகும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தளத்தில் பிள்ளைக்குக் கொடுத்த பழைய எமிஸ் எண்ணே தொடரும். புதிதாக இன்னொரு எண் போட வைக்காதீர்கள், பிறகு இரண்டையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கர்நாடகம் போவதென்றால் டி.சி.யையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆறு மாத வேலைதான், தாத்தா பாட்டி இங்கே இருக்கிறார்கள் என்றால் பிள்ளையை விட்டுப் போவதே மேல். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பது பரவாயில்லை. தினமும் பள்ளிக்கு அனுப்பத் தெரிந்தால் போதும்.

சேர்க்கைக்கோ டி.சி.க்கோ யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள், அதன் தலைவர் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான். அங்கே முடியவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கும் மேல் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். பேசும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.