செவிலியர் மாணவர்களுக்கு உடலியங்கியல்: வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

"பிபி 110/84. நார்மல்தானே?" என்று வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் தலையாட்டுவார்கள். அந்த நோயாளிக்கு நாடித்துடிப்பு 124, கைகால் சில்லிட்டிருக்கிறது, போன ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 15 மில்லிதான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சத்தம் அடங்கிவிடும்.

முதல் தவறு இங்கேதான். நார்மல் அளவுகளை அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்த அளவைத் தக்கவைக்க உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்வதில்லை. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனே கண்டுபிடித்துவிடும். இதயம் வேகமெடுக்கும். தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், அதனால்தான் கை சில்லிடுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையும், அதனால்தான் பையில் சிறுநீர் இல்லை. குழாய்கள் இறுகியதால் கீழ் அளவு ஏறி, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 26 ஆகச் சுருங்கியிருக்கிறது. இத்தனையும் சேர்ந்துதான் அந்த 110-ஐத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பெரியவர்களுக்கு மொத்த இரத்தத்தில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் பெரும்பாலும் மேல் அளவு தெளிவாக இறங்கும். அதுவரை காத்திருந்தால் தாமதம்தான்.

இன்னொன்று, செல்லிலிருந்து தொடங்கும் பழக்கம். முதல் வாரமே செல் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப்: 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. எழுதிக்கொள்வார்கள், மறந்துவிடுவார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் எடுத்தேன். இப்போது பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைப் பற்றிப் பேசும் நாள் வரை அதைத் தள்ளிவைக்கிறேன். உடம்பின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்லுக்குள்ளே இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிஈக்குவிலன்ட்தான். இந்த மருந்தை நேராக இரத்தக் குழாயில் ஏற்றிவிட்டால் இதயம் ஏன் நின்றுபோகும் என்ற கேள்வி எழும்போது, பம்ப்பைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

காய்ச்சல் பாடத்தில் நடப்பது வேறு. வியர்வை, நடுக்கம் எல்லாம் சொல்லிவிட்டு, மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்துக்கு வைத்திருக்கும் இலக்கே உயர்கிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அப்புறம் வார்டில் 38 டிகிரியில் வெடவெடவென்று நடுங்கும் நோயாளியின் போர்வையை மாணவர் உருவிவிடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. இலக்கு 39.5-க்குப் போய்விட்டது என்றால் மூளைக்கு 38 என்பது குளிர். நடுங்குவது சூடேற்றத்தான். அந்த நேரத்தில் ஈரத்துணியால் ஒற்றினால் நடுக்கம் கூடும், ஆக்சிஜன் செலவும் கூடும். பாராசிட்டமால் இலக்கைக் கீழே இறக்குகிறது. இறங்கியதும் உடம்பு சூடாக இருப்பதாக மூளை முடிவெடுக்க, வியர்த்துக் கொட்டுகிறது. கரும்பலகையில் இரண்டு கோடு, இலக்குக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, வரைந்தால் பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

எளிமையாக்குகிறோம் என்று அரைகுறை உண்மை சொல்வதும் ஆபத்து. "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்" என்று படித்த மாணவர், சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) 78-இல் மூச்சுத் திணறுபவருக்கும் ஆக்சிஜன் கொடுக்கத் தயங்குவார். அளவுக்கு மீறினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் என்பது சரி. காற்றோட்டம் குறைந்த பகுதிகளுக்கும் இரத்தம் திரும்பப் பாய்வதும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடைக் குறைவாகச் சுமப்பதும் அதற்கு முக்கியக் காரணங்கள். அதனால்தான் இவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் என்ற இலக்கு. கொடுக்கவே கூடாது என்பதல்ல, அளந்து கொடுக்க வேண்டும்.

மூச்சு எண்ணிக்கையையும் மறந்துவிடுகிறோம். இரத்தத்தில் அமிலம் கூடினால் மூச்சு வேகமாகும் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், எல்லா நோயாளிக்கும் எண்ணாமலே 18 என்று எழுதிவைப்பார்கள்.

கடைசியாகத் தேர்வு. "வரையறு, வகைப்படுத்து" என்றே கேட்டால் அப்படித்தான் படிப்பார்கள். நான் இப்போது இப்படிக் கேட்கிறேன்: படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. நாடித்துடிப்பு என்ன ஆகும்? அவர் இதயத்தை வேகமெடுக்க விடாத பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால்?

ஒருமுறை விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ அன்னைக்குச் சொன்ன அந்த 124 பேஷண்ட், இந்த மாத்திரை சாப்பிட்டிருந்தா பல்ஸ் அவ்வளவு ஏறியிருக்காதே?"