கிறிஸ்தவத்தை நாத்திகர் நோக்கும் பார்வை: அதன் வேரைக் கண்டறியும் வழி

கிறிஸ்தவத்தைப் பற்றித் தாம் கொண்டுள்ள கருத்தில் எவ்வளவு சிந்தனையால் வந்தது, எவ்வளவு வளர்ப்பால் வந்தது என்று பிரித்தறிய விரும்பும் நாத்திகர், முதலில் கிறிஸ்தவம் என்ற சொல்லைக் கேட்டதும் தம் மனத்தில் எழும் காட்சியை எழுதிவைக்க வேண்டும். நரகத்தைக் காட்டி அச்சுறுத்திய வீட்டில் வளர்ந்தவருக்கு அது தண்டனையாகவும், பாடற்குழுவில் நின்று வளர்ந்தவருக்கு இசையாகவும், வேறு சமயத்தில் பிறந்தவருக்கு வெறும் ஏட்டுச் செய்தியாகவும் தோன்றக்கூடும். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சூழலில் வளர்ந்த பிரித்தானிய உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், கடவுளை மறுத்துக்கொண்டே 2024-இல் தம்மைப் பண்பாட்டளவில் கிறிஸ்தவர் என்று கூறியது இதற்கு நல்ல சான்று.

சிறுவயதுக் காயம் ஏதேனும் இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும் கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அது விடையாகாது. இனிய நினைவுகளுக்கும் இதுவே பொருந்தும்.

அடுத்து, தாம் மறுப்பது எந்தக் கிறிஸ்தவத்தை என்று கேட்டுக்கொள்வது முக்கியம். தாம் அறிந்த ஒரே சபையின் போதனையை மறுத்துவிட்டு முழுச் சமயத்தையும் மறுத்ததாக எண்ணுவோர் பலர் (இதுவே மிகப் பரவலான பிழை என்பது என் கருத்து). வேதாகமத்தின் படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து உண்மையாகக் கொள்ளும் சபைக்கு எதிரான வாதம், அதை உருவகமாக வாசிக்கும் கத்தோலிக்கரிடம் செல்லாது. எனவே, தமக்குப் பழக்கமில்லாத மரபைச் சேர்ந்த ஒருவரிடம் அவருடைய நம்பிக்கையைப் பொறுமையாகக் கேட்டறிந்து, தம் வாதம் அங்கும் நிற்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.