சட்டத்தரணி காலக்கெடுவைத் தவறவிட்டால்: நாங்கள் வழக்குப் போட்ட விதம்

2014 ஜூலையில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பஸ் மோதி அண்ணனுக்குக் கால் முறிந்தது. நட்டஈட்டு வழக்குக்கு ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்தோம். "போட்டாச்சு, தவணை வரும்" என்றே சொல்லி வந்தார். 2017 பெப்ரவரியில்தான் வழக்கே போடப்படவில்லை என்று தெரிந்தது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டுக்கு 2 வருடம்தான். 2016 ஜூலையோடு எல்லாம் முடிந்திருந்தது.

முதலில் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். தாமதமாகப் போட்டிருந்தால் வழக்குரையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்துவிடுங்கள். திகதி அதில் இருக்கும்.

அப்புறம் புரொக்ஸி (உங்களுக்காக வழக்காட சட்டத்தரணிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம்), காசு கட்டிய ரசீதுகள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உங்கள் ஃபைலைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் கேட்டால் கையில் எந்தச் சாட்சியும் இருக்காது.

நாங்கள் இடறியது அடுத்த படியில். சட்டத்தரணிக்கு எதிரான வழக்குக்கும் காலக்கெடு உண்டு! உண்மை தெரிந்த 2017 பெப்ரவரியிலிருந்து எண்ணி, 2019 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். கண்டியில் நாங்கள் பார்த்த புதிய சட்டத்தரணி, "பழைய உரிமை செத்த நாளிலிருந்தே எண்ணுங்கள்" என்றார். கவனக்குறைவுக்கான நட்டஈடு என்றால் 2 வருடம். அதாவது 2018 ஜூலை. எழுத்து ஒப்பந்தம் என்று காட்டினால் 6 வருடம், வாய்மொழி ஒப்பந்தம் என்றால் 3 வருடம் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எல்லாவற்றிலும் முந்திய திகதியை எடுத்துக் கலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள். கோரிக்கைக் கடிதம் அனுப்பியதால் அந்த நாட்கள் நிற்காது. வழக்கைத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். நாங்கள் 2018 ஜூனில் போட்டோம்.

சட்டத்தரணி தவறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. பழைய வழக்கு நேரத்துக்குப் போயிருந்தால் வென்றிருப்போம் என்றும் நிரூபிக்க வேண்டும். அதனால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட், அண்ணன் வேலை செய்த தோட்டத்து அலுவலகத்தின் செக்ரோல் (வேலைக்கு வந்த நாட்களைப் பதியும் ஏடு) விபரம் எல்லாம் தேவைப்பட்டன. விபத்துக்கு முன் அண்ணன் மாதம் எத்தனை பேர் போட்டார் (எத்தனை நாள் வேலை செய்தார்), அதற்குப் பிறகு எத்தனை என்பதைச் செக்ரோல்தான் சொன்னது. தோட்டத்தில் பழைய பதிவுகள் தொலைவதற்கு முன் அதை முதலில் வாங்குங்கள்.

சட்டத்தரணியை வெளியூரிலேயே தேடுங்கள், அதுதான் என் விருப்பம். நம்ம டவுனில் கேட்ட இருவரும் கூடவே வேலை செய்பவருக்கு எதிராக வர மறுத்தார்கள். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு செய்வது வேறு பாதை. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஏமாற்று, தொழில் முறைகேடு போன்றவற்றுக்காகச் சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயர் நீக்கவோ இடமளிக்கிறது. சத்தியக்கடதாசியோடு எழுத வேண்டும். அதில் நட்டஈடு கிடைக்காது.

பின்னர் சேர்த்தது: ரசீதே தராதவர் என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். வங்கியில் காசு எடுத்த சீட்டு, அலுவலகத்துக்குக் கூடவே வந்தவரின் சத்தியக்கடதாசி, சட்டத்தரணியே அனுப்பிய ஒரு செய்தி, இவை எல்லாம் உதவும். அண்ணனின் வழக்கில் அம்மா சாட்சியாக நின்றார்.