கிறிஸ்துமஸ் விருந்துக்கு பீஃப் ரோஸ்ட்: மறுநாள் சாப்பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் மூன்றாவது வாரம் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் போய் நின்றால் தலை சுற்றும். எல்லாத் துண்டும் ஒரே சிவப்பு, பாதிக்கு மேல் நூல் கட்டி வைத்திருப்பார்கள், பெயர் மட்டும் பிரைம் ரிப், டாப் ரவுண்ட், சக், சர்லாயின் என்று நீண்டுகொண்டே போகும், விலையோ மலைக்கும் மடுவுக்கும். முதல்முறை வாங்குபவர்கள் விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து அதையே எடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு வழி. விருந்து ஒரு வேளைதான், மிச்சம் இரண்டு மூன்று நாள் வரும். அந்த மிச்சத்தை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், எந்தத் துண்டு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்

முதல் கேள்வி, விருந்துக்கு வருபவர்கள் நடுவில் பிங்க் நிறமாக இருக்கும் இறைச்சியைச் சாப்பிடுவார்களா? நம் வீடுகளில் இது பெரிய விஷயம். தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்தான் என்று எவ்வளவு விளக்கினாலும் மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டால் தள்ளி வைத்ததுதான். பாதிப் பேருக்கு மேல் அப்படி என்றால், நடுவில் பிங்க்காக வைத்துப் பரிமாறும் விலா எலும்புத் துண்டான பிரைம் ரிப் பக்கமே போக வேண்டாம், பணம் வீண்.

இரண்டாவது கேள்வி, மறுநாள் அதைக் குளிர்ச்சியாக சாண்ட்விச்சில் வைப்பீர்களா, சூடாக்கி சோற்றோடோ ரொட்டியோடோ சாப்பிடுவீர்களா, இல்லை கொத்திப் போட்டு வேறு பதார்த்தமாக மாற்றுவீர்களா?

படி 2: பதிலுக்கு ஏற்ற துண்டு

சூடாக்கிச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் சக் ரோஸ்ட். இது மாட்டின் தோள்பட்டைப் பகுதி, நாள் முழுக்க வேலை செய்யும் தசை, அதனால் இணைப்புத் திசு அதிகம். அவசரமாக வேகவைத்தால் ரப்பர்தான். மூடிய கனமான பாத்திரத்தில் வெங்காயம், கேரட், கொஞ்சம் ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) சேர்த்து 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் அந்தத் திசு கரைந்து ஜெலட்டினாகி, முள்கரண்டி பட்டாலே பிரிந்துவிடும். மறுநாள் இதுதான் ராஜா. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த பாத்திரத்தைத் திறந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கும், கரண்டியால் பெயர்த்து எடுத்துவிடலாம். அடியில் குழம்பு ஜெல்லியாக இறுகியிருக்கும், சிறு தீயில் வைத்தால் திரும்ப இளகிக் கறியை மூடிக்கொள்ளும், ருசியும் முந்தைய நாளைவிடக் கூடியிருக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான், பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் கெடாது.

குளிர்ந்த சாண்ட்விச் என்றால் டாப் ரவுண்ட் அல்லது ஐ ஆஃப் ரவுண்ட். பின்தொடைப் பகுதி, கொழுப்பு குறைவு, விலையும் குறைவு. மாட்டுக்கொழுப்பு குளிர்ந்தால் மெழுகு போல வாயில் ஒட்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, காகிதம்போல மெல்லியதாகச் சீவ வேண்டும். தடியாக வெட்டினால் மென்று மென்று தாடை வலிக்கும். நன்றாகக் குளிர்ந்த பிறகு சீவுவது சுலபம். விருந்து மேஜைக்கும் கொஞ்சம் மென்மை வேண்டும் என்பவர்கள் டாப் சர்லாயின் எடுக்கலாம், விருந்துக்கும் சாண்ட்விச்சுக்கும் பொதுவாக இருக்கும்.

டெண்டர்லாயின் மிக மென்மை, மிக விலை. சீக்கிரம் வெந்துவிடும், எலும்பு இல்லை, கொழுப்பும் அவ்வளவாக இல்லை. மிச்சத்துக்காக இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி பிரைம் ரிப். விலா எலும்போடு நிமிர்ந்து நிற்கும் அந்தத் துண்டை மேஜையில் கொண்டுவந்து வைத்தால் வரும் சந்தோஷம் வேறெதிலும் வராது, பிங்க் பிடித்தவர்கள் வீட்டில் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மறுநாள் கொஞ்சம் சிக்கல். அமெரிக்க வேளாண் துறை மிச்ச இறைச்சியை 165 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறது, அந்தச் சூட்டில் பிங்க் நிறமும் போய்விடும், பணம் கொடுத்து வாங்கிய மென்மையும் போய்விடும். குளிர்ச்சியாகச் சாப்பிட்டால் கொழுப்பு இறுகிக் கிடக்கும். அதனால் இதன் மிச்சத்துக்குச் சரியான இடம் சூடான வாணலி: பொடியாக நறுக்கி, அதன் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து முறுகலாக வறுத்து மேலே முட்டை, அல்லது இந்தியக் கடையில் வாங்கிய உறைபரோட்டாவைச் சுட்டுப் பிய்த்துப் போட்டு மிளகு தூக்கலாகக் கொத்துப் பரோட்டா. எலும்புகளைப் போட்டு பார்லி சூப் வைக்கலாம், அதற்காகவே எலும்போடு வாங்குங்கள்.

படி 3: எவ்வளவு வாங்குவது

எலும்புள்ள ரிப் என்றால் ஒரு எலும்புக்கு இரண்டு பேர். ஆறு பேருக்கு மூன்று எலும்பு, ஏறத்தாழ 7 பவுண்டு. மிச்சம் வேண்டும் என்றால் நான்கு எலும்பு. எலும்பில்லாத எந்தத் துண்டானாலும் ஆளுக்கு அரை பவுண்டு கணக்கிட்டு, மிச்சத்துக்காக மொத்தத்தில் 2 பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள். வேகும்போது கால் பங்கு வரை எடை குறையும், அதையும் மனதில் வையுங்கள்.

படி 4: கடையில்

லேபிளில் தரத்தைப் பாருங்கள். வேளாண் துறையின் தர வரிசையில் மேலே பிரைம், அடுத்து சாய்ஸ், அதற்கும் கீழே செலக்ட். பிரைம் ரிப் என்று எழுதியிருப்பது துண்டின் பெயர்தான், தர முத்திரை தனி. ரோஸ்ட்டுக்கு சாய்ஸ் போதும், தசைக்குள் வெள்ளைக் கொழுப்பு இழைகள் நெருக்கமாக ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள்.

கவுண்டரில் இருப்பவரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள். ரிப் வாங்கினால் இடுப்புப் பக்கத்துத் துண்டு வேண்டும் என்று கேளுங்கள், நடுச் சதை பெரிதாக, ஒரே சீராக இருக்கும், வெட்டிப் பரிமாற வசதி. தோள் பக்கத்துத் துண்டில் கொழுப்பும் ருசியும் அதிகம். அப்புறம், எலும்பை வெட்டிப் பிரித்து அதே இடத்தில் வைத்து நூலால் கட்டித் தரச் சொல்லுங்கள். வெந்த பிறகு நூலை அறுத்தால் எலும்பு தனியாக வந்துவிடும்.

படி 5: உப்பும் தெர்மாமீட்டரும்

எந்தத் துண்டானாலும் முந்தின நாளே உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பவுண்டுக்கு அரைத் தேக்கரண்டி கோஷர் உப்பு (பெரிய பருக்கையாக இருக்கும் உப்பு), பொடி உப்பு என்றால் இன்னும் குறைவாக. உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காய்ந்து நன்றாகச் சிவக்கும்.

சக் தவிர மற்றவற்றுக்குத் தெர்மாமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், நேரக் கணக்கை நம்ப முடியாது. ரிப் துண்டை 250 டிகிரி ஓவனில் வைத்து, எலும்பில் படாமல் நடுச் சதையில் குத்திப் பார்த்து 120 முதல் 125 வந்ததும் வெளியே எடுங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, பரிமாறுவதற்கு முன் 500 டிகிரியில் ஆறு முதல் பத்து நிமிடம் வைத்தால் வெளிப்புறம் மொறுமொறுப்பாகிவிடும். இப்படிச் செய்தால் நடுவில் சிவப்பாக இருக்கும். முழுத் துண்டுக்கு வேளாண் துறை சொல்லும் அளவு 145 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 6: மிச்சத்தை எடுத்துவைப்பது

முழுவதையும் மேஜையிலேயே வெட்டித் தள்ளாதீர்கள். சாப்பிடும் அளவுக்கு மட்டும் வெட்டினால் மீதித் துண்டு காயாமல் இருக்கும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், பேச்சு சுவாரசியத்தில் இது மறந்துவிடும், அதனால் போனில் அலாரம் வையுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குள் முடியாது என்று தோன்றினால் மறுநாளே ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். சக் என்றால் குழம்போடு சேர்த்தே உறையவையுங்கள், கறி வறண்டு போகாது.